காற்று நுண்ணறைகள்: நுரையீரலின் மெல்லிய சுவர்களும் அவற்றைச் சிதைக்கும் நோய்களும்

காற்று நுண்ணறைகள் என்பவை நுரையீரலில் மூச்சுக்குழல் கிளைகளின் கடைசி நுனியில் அமைந்துள்ள மிகச் சிறிய அறைகள் ஆகும். உள்ளிழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் இரத்தத்தில் கலப்பதும், இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் இங்கேதான் நடைபெறுகின்றன. மருத்துவ நூல்கள் ஓர் அறையை ஆல்வியோலஸ் என்றும், பல அறைகளை ஆல்வியோலை என்றும் குறிக்கின்றன. தமிழில் காற்றுப்பை, காற்றறை, நுண்ணறை எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இக்கட்டுரையில் நுண்ணறை என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவை காற்று செல்லும் பாதைகள் மட்டுமே. மூச்சுக்குழல் இரண்டாகவும், அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகவும், இப்படியே சுமார் 23 தடவை கிளைக்கின்றன. முதல் 16 கிளைப்புகள் வரை வாயுப் பரிமாற்றம் எதுவும் கிடையாது. சாதாரணமாக ஒரு மூச்சில் 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது என்றால், அதில் சுமார் 150 மில்லிலிட்டர் இந்தக் குழாய்களிலேயே நின்று, பயன்படாமல் வெளியே வந்துவிடுகிறது. மீதிதான் நுண்ணறைகளை அடைகிறது.

ஏன் இத்தனை அறைகள்?

ஒரு மனிதரின் இரு நுரையீரல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 30 கோடி முதல் 50 கோடி வரை நுண்ணறைகள் உள்ளன. ஒன்றின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்பதாம் வகுப்புக் கணிதமே போதும்.

நுரையீரல் ஒரே ஒரு பெரிய பலூனாக இருந்தால் என்ன ஆகும்? 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கோளத்தின் ஆரம் 10 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அதன் புறப்பரப்பு சுமார் 0.12 சதுர மீட்டர், அதாவது ஒரு நாளிதழ்ப் பக்கத்தைவிடக் குறைவு. இப்போது 0.2 மி.மீ. விட்டமுள்ள கோளங்கள் 48 கோடி என்று கணக்கிடுங்கள். மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. நுண்ணோக்கியால் அளந்தவர்கள் கூறும் மதிப்பும் இதற்கு அருகில், சுமார் 70 சதுர மீட்டராக இருக்கிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டின் தரை முழுவதும் மார்புக்கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், பின்னர் வரும் நோய்களில் பாதி தானாகவே விளங்கும். நுரையீரலின் வலிமை அதன் கொள்ளளவில் இல்லை. உள்ளே எழுப்பப்பட்டிருக்கும் தடுப்புச் சுவர்களில் இருக்கிறது.

திராட்சைக் கொத்தா, தேனடையா?

பாடநூல் படங்களில் நுண்ணறைகள் திராட்சைக் கொத்துபோல வரையப்பட்டிருக்கும். நினைவில் நிற்க அது உதவும். ஆனால் அந்தப் படம் ஒரு தவறான எண்ணத்தையும் உண்டாக்குகிறது. திராட்சையில் ஒவ்வொரு பழத்துக்கும் தனித்தோல் உண்டு. நுண்ணறைகளுக்கு அப்படி இல்லை. அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு நடுவே இருப்பது ஒரே பொதுச்சுவர். தேனடையின் அறைகளை நினைத்துக்கொள்வதே சரி. அச்சுவரில் ஆங்காங்கே சிறு துளைகளும் உள்ளன. அவற்றின் வழியே காற்று பக்கத்து அறைக்குப் போகலாம், கிருமியும் போகலாம்.

அந்தப் பொதுச்சுவருக்குள்தான் இரத்த நுண்நாளங்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. நாளத்தின் இருபுறமும் காற்று. எந்த ஒரு நேரத்திலும் இந்த வலையில் இருக்கும் இரத்தம் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர்தான். ஒரு சிறு டம்ளர் இரத்தத்தை 750 சதுர அடித் தரையில் மெழுகியதுபோல் அது பரவியிருக்கிறது.

இந்த வலையை முதலில் கண்டவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி. இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் எழுதினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த இணைப்பு கண்ணில் பட்டது. நுரையீரல் வெறும் சதை அல்ல, மெல்லிய சுவர்களால் ஆன அறைகளின் தொகுப்பு என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது.

சுவரின் தடிமன்

காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலான தடுப்பு சுமார் அரை மைக்ரோமீட்டர். நாம் எழுதும் தாளின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர். அதில் 200இல் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய இடத்திலும் மூன்று அடுக்குகள் உண்டு: நுண்ணறையின் உட்புறச் செல், இரத்த நுண்நாளத்தின் செல், இரண்டுக்கும் நடுவே அடித்தளச் சவ்வு.

உட்புறச் செல்கள் இரு வகை. முதல் வகைச் செல்கள் தட்டையானவை. அப்பளம்போல் விரிந்து, நுண்ணறைப் பரப்பில் சுமார் 95 விழுக்காட்டை இவையே மூடுகின்றன. இவை பிரிந்து பெருகுவதில்லை. இரண்டாம் வகைச் செல்கள் கனசதுர வடிவில் மூலைகளில் அமர்ந்திருக்கும். மூடும் பரப்பு குறைவு. ஆனால் வேலை இரண்டு. சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருளைச் சுரப்பது ஒன்று. முதல் வகைச் செல்கள் அழிந்தால், தாமே பெருகி அந்த இடத்தை நிரப்புவது மற்றொன்று. இவை தவிர, உள்ளே வரும் தூசியையும் கிருமிகளையும் விழுங்கும் பெருவிழுங்கி செல்கள் அறைகளுக்குள் உலவிக்கொண்டிருக்கும். சுவருக்குள் ரப்பர்போல் இழுபடும் மீள்நார்களும் உண்டு. மூச்சை வெளியே விட நாம் தனியே முயற்சி செய்ய வேண்டியதில்லை என்பதற்கு இந்த நார்களே முக்கியக் காரணம். விரிந்த நுரையீரல் தானாகவே சுருங்குகிறது.

வாயுப் பரிமாற்றம் அழுத்த வேறுபாட்டால் நடப்பது. நுண்ணறைக் காற்றில் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் பாதரச அளவில் சுமார் 100 மி.மீ.; நுரையீரலுக்கு வரும் இரத்தத்தில் 40. ஆகவே ஆக்சிஜன் உள்ளே போகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு இரத்தத்தில் 45, அறையில் 40; வேறுபாடு வெறும் 5. ஆயினும் அது தாராளமாக வெளியேறுகிறது. காரணம், ஆக்சிஜனைவிடச் சுமார் 20 மடங்கு எளிதாக அது சவ்வுகளைக் கடக்கிறது.

இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். ஓய்வில் இருக்கும்போது ஒரு சிவப்பணு நுண்ணறைச் சுவரைக் கடந்து செல்ல முக்கால் வினாடி ஆகிறது. அது ஆக்சிஜனை நிரப்பிக்கொள்ளக் கால் வினாடி போதும். மீதி அரை வினாடி கையிருப்பு. இந்தக் கையிருப்பு இருப்பதால்தான் நுண்ணறைகள் கணிசமாகச் சேதமடைந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எதுவும் தெரிவதில்லை. மாடிப்படி ஏறும்போது இரத்தம் வேகமாக ஓடுகிறது, கையிருப்பு கரைகிறது, மூச்சு வாங்குகிறது. பலர் அதை வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

சர்ஃபாக்டன்ட்: ஒரு மெல்லிய பூச்சு

நுண்ணறையின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரப்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இதுவே பரப்பு இழுவிசை. லாப்லாஸ் விதிப்படி, குமிழ் சிறியதாக ஆக அதன் உள் அழுத்தம் கூடும். வெறும் தண்ணீர் பூசப்பட்டிருந்தால், சிறிய அறைகள் தங்கள் காற்றைப் பெரிய அறைகளுக்குள் தள்ளிவிட்டுச் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். சர்ஃபாக்டன்ட் இதைத் தடுக்கிறது. பெரும்பகுதி கொழுப்பும் சிறிதளவு புரதமும் கொண்ட இப்பொருள், சோப்புநீர்போல இழுவிசையைக் குறைக்கிறது. அறை சுருங்கச் சுருங்க இன்னும் அதிகமாகக் குறைக்கிறது.

இதைக் கண்டறிந்த வரலாறு மெதுவானது. 1929இல் குர்ட் ஃபான் நீர்கார்ட், விலங்கின் நுரையீரலைக் காற்றால் நிரப்புவதைவிட நீர்மத்தால் நிரப்பக் குறைந்த அழுத்தமே போதும் என்று காட்டினார். நுரையீரலின் இழுப்பில் பெரும்பங்கு ஈரப்பரப்பால் வருகிறது என்பதே இதன் பொருள். அதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. 1959இல் மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் என்ற இருவர், மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் போதிய அளவில் இல்லை என்று எழுதினார்கள்.

கருவில் சர்ஃபாக்டன்ட் சுரப்பது சுமார் 24ஆம் வாரத்தில் தொடங்கினாலும், போதிய அளவை எட்டுவது 35ஆம் வாரத்தை ஒட்டித்தான். அதற்கு முன் பிறக்கும் குழந்தை, ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிப்போன அறைகளை முதல் மூச்சுபோலவே மீண்டும் பிரிக்க வேண்டும். சில மணி நேரத்தில் களைத்துவிடும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரம் மட்டுமே உயிரோடு இருந்தான். நாட்டின் அதிபருக்கே அன்று கொடுக்க மருத்துவர்களிடம் மருந்து எதுவும் இல்லை.

1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும், பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று காட்டினர். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்திப் பயன் கண்டார். இவ்விரண்டும் இன்று வழக்கமான மருத்துவம். குறைமாத வலி வந்த கர்ப்பிணிக்கு நம் ஊர் மருத்துவமனைகளிலும் "குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி" என்று சொல்லிப் போடுவது அந்த ஸ்டீராய்டைத்தான். வலி நின்றுவிட்டதே என்று வீடு திரும்ப அவசரப்படும் குடும்பத்தார், இந்த ஊசியின் எல்லாத் தவணைகளும் முடிந்தனவா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அறைகள் நிரம்பும் நோய்கள்

நிமோனியாவில் கிருமித் தொற்றால் அறைகளுக்குள் நீரும் வெள்ளணுக்களும் நிறைகின்றன. காற்று இருக்க வேண்டிய இடத்தில் திரவம். எக்ஸ்ரே படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டிய பகுதி வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். இதயம் பலவீனமடைந்து, நுரையீரல் நாளங்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து அறைகளில் தேங்குவது நுரையீரல் நீர்க்கோர்வை. இரண்டிலும் சுவர் பெரும்பாலும் இடிவதில்லை. திரவம் வடிந்தால் அறை பழைய நிலைக்கு வரும். நிமோகாக்கஸ் கிருமியால் வரும் நிமோனியா உரிய மருந்தால் பெரும்பாலும் தழும்பின்றிக் குணமாவது இதனால்தான்.

கடும் சுவாச இடர் நோய்த்தொகுதி என்பது இவற்றைவிடக் கொடியது. 1967இல் ஆஷ்பா முதலான மருத்துவர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு இதை முதலில் விவரித்தார்கள். இதில் அழற்சியால் சுவரே கசியத் தொடங்குகிறது, சர்ஃபாக்டன்டும் கெட்டுப்போகிறது. கோவிட்-19 தொற்றில் பலர் இறந்தது இந்த வழியில்தான். அந்த வைரஸ் இரண்டாம் வகைச் செல்களுக்குள் நுழையக்கூடியது. பூச்சைச் சுரப்பதும் பழுது பார்ப்பதும் அதே செல்லின் வேலை என்பதை நினைத்தால் விளைவு புரியும். விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் அளவு வெகுவாக இறங்கியும் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் முன்னரே சொல்லப்பட்டது. கார்பன் டை ஆக்சைடு எளிதில் வெளியேறிவிடுகிறது. மூச்சுத்திணறல் உணர்வை முதன்மையாகத் தூண்டுவது அதன் மிகுதிதான். நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்ததும் வெறும் வழக்கமல்ல. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்புறம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் அந்த அறைகள் எடையால் அழுந்திக் கிடக்கும்.

காசநோயையும் இங்கே சொல்லவேண்டும். அதன் பாக்டீரியா, தன்னை விழுங்கிய பெருவிழுங்கி செல்லுக்குள்ளேயே உயிர் வாழ்கிறது. தடுக்கப்படாவிட்டால் திசுவைப் பாலாடைக்கட்டிபோல் கரைத்துக் குகைகளை உண்டாக்குகிறது. ஒரு காலத்தில் இதற்குச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று கருதினர். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் மற்றதற்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள், குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது இதன் பிறகுதான்.

சுவர் இடியும் நோய்: எம்ஃபைசீமா

நுண்ணறைகளின் பொதுச்சுவர்கள் இடிந்து, பல சிறு அறைகள் ஒரே பெரிய கூடமாவது எம்ஃபைசீமா. பிரெஞ்சு மருத்துவரும் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவருமான லென்னெக் 1819இல் இதைத் தெளிவாக விவரித்தார். நுரையீரல் சிறுத்துவிடுவதில்லை, மாறாக உப்பிப் பெரிதாகிறது. நோயாளியின் மார்பு பீப்பாய்போல் ஆகிறது. ஆனால் முன்பு போட்ட கணக்கின்படி பரப்பு குறைந்துவிட்டது. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே இடத்தில் 1 மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்களை அடுக்கினால் 60. எம்ஃபைசீமா இந்த 60ஐ மெல்ல மெல்ல 6ஐ நோக்கித் தள்ளுகிறது.

எப்படி இடிகிறது? புகை உள்ளே போகும்போது வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அவற்றிலிருந்து கசியும் எலாஸ்டேஸ் என்ற நொதி மீள்நார்களை அரிக்கும். இதைக் கட்டுப்படுத்த, கல்லீரலில் உருவாகும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் இரத்தத்தில் வருகிறது. புகையிலைப் புகை இந்தக் காவல் புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. அரிப்பவை பெருகுகின்றன, காப்பது குறைகிறது. 1963இல் சுவீடனில் லாரெல், எரிக்சன் ஆகியோர் பிறவியிலேயே இப்புரதம் குறைந்தவர்களைக் கண்டறிந்தனர். அவர்களில் பலருக்கு இளவயதிலேயே எம்ஃபைசீமா இருந்தது. இந்த நோயின் பொறிமுறை விளங்கியது அப்போதுதான்.

மீள்நார்கள் போனால் மூச்சை வெளிவிடுவதே பாடாகிவிடும். நுண்ணறைச் சுவர்கள் சுற்றிலும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருந்த சிறு குழாய்கள், மூச்சு விடும்போது மூடிக்கொள்கின்றன. காற்று உள்ளே சிறைப்படுகிறது. உதட்டைக் குவித்து ஊதுவதுபோல் இந்நோயாளிகள் மூச்சு விடுவது, அந்தக் குழாய்களைச் சிறிது நேரம் திறந்து வைத்திருக்க உடல் தானே கற்றுக்கொண்ட உத்தி.

பீடி, சிகரெட் மட்டுமே காரணம் என்று நினைக்கக் கூடாது. வாழ்நாளில் ஒரு பீடியும் தொடாத பெண்களுக்கும் நாள்பட்ட சுவாச அடைப்பு நோய் வருகிறது. புகைபோக்கி இல்லாத சமையலறையில் விறகும் வரட்டியும் எரித்து, ஊதுகுழலால் ஊதி, பல ஆண்டுகள் சமைத்தவர்கள் அவர்கள். அடுப்புப் புகையை நோய்க்காரணமாக நம் வீடுகளில் இன்னும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இடிந்த சுவரை மீண்டும் கட்டும் மருந்து இன்று இல்லை. ஆனால் புகையை விட்டால் பயன் உண்டு. இலண்டனில் வேலை செய்யும் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஃபிளெட்சர், பீட்டோ ஆகியோர் 1977இல் எழுதியது இது: புகைப்பதை நிறுத்தியவருக்கு இழந்த திறன் பெரிதாகத் திரும்புவதில்லை, ஆனால் அதன்பின் இழக்கும் வேகம், புகைக்காதவரின் வேகத்துக்குக் குறைந்துவிடுகிறது. ஐம்பது வயதில் விடுவதும் வீண் அல்ல என்பதற்கு இதுவே சான்று.

சுவர் தடிக்கும் நோய்கள்

சுவர் இடியாமல் தடித்து இறுகுவது இன்னொரு வகைச் சேதம். அரை மைக்ரோமீட்டர் தடுப்பில் நார்த்திசு படிந்தால் ஆக்சிஜன் கடப்பது கடினம், நுரையீரலும் விரியாது. இந்தியாவில் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு சிலிகோசிஸ்.

கல்லுடைத்தல், குவாரியில் துளையிடுதல், மணல் வீச்சு, கண்ணாடித் தொழில் ஆகியவற்றில் எழும் படிகக்கல் தூசியில் பெரிய துகள்களை மூக்கும் மூச்சுக்குழலும் தடுத்துவிடும். 5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை நுண்ணறை வரை போகும். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசியே ஆபத்து. பெருவிழுங்கி செல் அதை விழுங்கும், செரிக்க முடியாது, செத்து வெடிக்கும். துகள் வெளியே வர, அடுத்த செல் விழுங்கும். இந்தச் சுழற்சியில் வெளிவரும் பொருள்கள் நார்த்திசு வளர்ச்சியைத் தூண்டுகின்றன. அதனால்தான் தொழிலை விட்ட பிறகும் நோய் வளர்கிறது. காசநோயும் இவர்களை எளிதில் பற்றுகிறது. மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் சிலேட்டுக் குச்சி செய்தவர்களும், குஜராத்தின் காம்பாத்தில் அகேட் மணிகளைப் பட்டை தீட்டியவர்களும் இந்நோயால் இளவயதில் மாண்டனர். நம் பள்ளிகளில் ஒரு தலைமுறை எழுதிப் பழகியது அத்தகைய குச்சிகளால்தான். துளையிடும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சித் தூசியை அடக்குவது எளிய, நிரூபிக்கப்பட்ட தடுப்பு. முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்துகளைத் தடுக்காது.

புறாவின் எச்சத்தூள், பூஞ்சை பிடித்த வைக்கோல், ஈரம் தேங்கிய ஏர்கூலர் ஆகியவற்றின் தூசிக்கு ஒவ்வாமையாலும் சுவர் தடிக்கலாம். தொடக்கத்திலேயே அவற்றை விலக்கினால் குணமாகும் வாய்ப்பு உண்டு. காரணமே தெரியாமல் நடுவயதுக்குப் பின் வரும் நார்த்திசு நோயும் இருக்கிறது. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலி கேட்கும். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரு மருந்துகள் இதன் வேகத்தைக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை.

கண்டறிதல்

சாதாரண எக்ஸ்ரே படம் தொடக்கநிலைச் சேதத்தைக் காட்டாமல் போகலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் சோதனை, குழாய் அடைப்பையும் நுரையீரல் விரியாமையையும் பிரித்துக் காட்டும். நுண்ணறைச் சுவரையே நேரடியாகச் சோதிக்க வேறொரு முறை உண்டு. மிகக் குறைந்த, தீங்கற்ற அளவில் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை உள்ளிழுத்து, 10 வினாடி மூச்சைப் பிடித்து வெளியே விடச் சொல்வார்கள். இந்த வாயு சிவப்பணுவை விடாமல் பற்றிக்கொள்ளக்கூடியது. ஆகவே எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்பதிலிருந்து சுவர் எவ்வளவைக் கடத்தியது என்று கணக்கிடலாம். டென்மார்க்கைச் சேர்ந்த மேரி குரோ 1915இல் இதற்கு அடிப்படை வகுத்தார். எம்ஃபைசீமாவில் பரப்பு குறைவதாலும், நார்த்திசு நோயில் சுவர் தடிப்பதாலும் இந்த அளவு இறங்கும். ஆஸ்துமாவில் குழாய்கள் மட்டுமே சுருங்குவதால் பெரும்பாலும் இறங்காது. மூச்சு வாங்குகிறது என்று வரும் இருவரில் யாருக்குக் குழாயில் கோளாறு, யாருக்கு நுண்ணறையில் கோளாறு என்று பிரித்தறிய மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.